தேங்காய் நாரில் ஒரு பேஸ்பால் ஃபைனல்

மாவட்ட பேஸ்பால் இறுதிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. பந்தைத் தடுக்க ஷார்ட் ஸ்டாப் என்கிற ஆட்டக்காரி நிற்க வேண்டிய இடத்தில் ஒரு எவர்சில்வர் அண்டா இருந்தது. ஷார்ட் ஸ்டாப் பெண் அண்டாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அம்பயரான நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நடந்துபோய், "இது யாரோடதும்மா?" என்று கேட்டேன்.

"என்னோடதுதான் சார். இப்பத்தான் மைக்ல பேர் சொல்லிக் குடுத்தாங்க."

"வெளியில வச்சுட்டு வா."

"அங்கிட்டு வச்சா யாராச்சும் தூக்கிட்டுப் போயிருவாங்க சார். பெரிய அண்டா."

என் பின்பாக்கெட்டில் விதிப் புத்தகம் இருந்தது. மைதானத்துக்குள் என்னென்ன கிடக்கக் கூடாது என்று அதில் விவரமாகப் போட்டிருக்கிறது. அண்டாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அமெரிக்காவில் யாருக்கும் இந்தச் சங்கடம் வந்ததில்லை போலிருக்கிறது.

நான் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர். எங்கள் மாவட்டத்து பி.இ.டி. ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் இன்னும் என்னை நீக்காமல் வைத்திருக்கிறார்கள். ஜோனல், டிஸ்ட்ரிக்ட் மேட்ச் சீசன் வந்துவிட்டால் குழுவில் தினமும் புலம்பல்தான். தோற்றவர்கள் எல்லோருக்கும் காரணம் இரண்டே இரண்டு. ஒன்று, அம்பயர் தப்பாகக் கொடுத்துவிட்டார். இன்னொன்று, கிரவுண்டு சரியில்லை. "சார், நீங்க சொல்லுங்க, பெரிய மேட்ச்ச முடிவு பண்றது அம்பயரும் கிரவுண்டும்தானே?" என்று ஒரு தம்பி போன மாதம் கேட்டார். அவருக்குப் பதில் டைப் செய்ய உட்கார்ந்தேன். கட்டைவிரல் வலித்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

1. நான் அம்பயர் ஆனது

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் பள்ளிக்குத் தாமதமாகப் போனேன். தலைமை ஆசிரியர் ஒரு சுற்றறிக்கையை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"ஆரோக்கியம், பேஸ்பால்னு ஒரு கேம் வந்திருக்காம். திருச்சில கேம்ப்பாம். யாராச்சும் ஒருத்தர் போயே ஆகணுமாம். நீங்கதான் இன்னைக்கி லேட்டு. நீங்க போங்க."

இப்படித்தான் நான் பேஸ்பால் நிபுணன் ஆனேன். ஆவூர்க்காரனான எனக்கு அதுவரை தெரிந்த விளையாட்டெல்லாம் கபடி, வாலிபால், சர்ச் திருவிழா வடம் இழுக்கும் போட்டி. கேம்ப்பில் எங்கள் மாவட்டத்திலிருந்து இன்னொருவரும் வந்திருந்தார். பெயர் ஸ்டெல்லா. ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு பள்ளியில் பி.இ.டி. டீச்சர். 'இன்ஃபீல்டு ஃப்ளை' என்று ஒரு விதி உண்டு. அதைப் புரிந்துகொண்டவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான். அந்த விதியில் எங்கள் இருவருக்கும் சண்டை வந்தது. சாப்பாட்டு வரிசையில் ஆரம்பித்த சண்டை பஸ் ஏறும்வரை போனது. பிறகு கல்யாணம் செய்துகொண்டோம். சண்டை இன்னும் முடியவில்லை.

இதில் ஒரு சிக்கல் முளைத்தது. மாவட்டத்தில் பேஸ்பால் விதிகளை முழுதாகப் படித்தவர்கள் இரண்டே பேர், இரண்டு பேரும் ஒரே வீட்டில். ஸ்டெல்லா பெண்கள் அணிக்குக் கோச். ஆகவே அம்பயர் நான்தான். வேறு ஆள் கிடையாது. வருஷா வருஷம் இறுதிப் போட்டியில் ஸ்டெல்லாவின் ஆவுடையார்கோவில் அணியும் பொன்னமராவதி அணியும்தான் மோதும். பொன்னமராவதி கோச் கண்ணப்பன் என்கிற இளைஞர். நல்ல உழைப்பாளி, வாய் கொஞ்சம் நீளம்.

"சார் வீட்டுக்குப் பயந்துக்கிட்டு டீச்சர் டீமுக்குக் குடுத்துட்டா, நாங்க எங்கிட்டுப் போயி சொல்றது?" என்று அவர் ஒருமுறை எல்லோர் எதிரிலும் கேட்டார்.

"நான் பயந்தா டீச்சருக்கு எதிராத்தான் தம்பி குடுப்பேன். ஊரு பேசக் கூடாதுன்னு."

ஸ்டெல்லா ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, "அதத்தான இத்தன வருசமாப் பண்ணிக்கிட்டு இருக்காரு" என்றாள்.

கண்ணப்பன் சிரித்துக்கொண்டே தன் அணியிடம் போனார். ஆனால் ஒவ்வொரு வருஷமும் ஜெயித்தது அவர் அணிதான். பொன்னமராவதிப் பிள்ளைகள் வாட்டசாட்டமானவர்கள், பந்தைத் தூக்கி அடிப்பார்கள். ஆவுடையார்கோவில் பிள்ளைகள் ஓடுவார்கள், அடி கொஞ்சம் கம்மி. ஜெயிக்கிற அணிதான் மாநிலப் போட்டிக்குக் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ போகும். ஸ்டெல்லாவின் பிள்ளைகளில் பாதிப் பேர் ரயிலில் ஏறியதே இல்லை. "இந்தத் தடவ ரயில்ல போறோம்டி" என்று அவள் ஒவ்வொரு வருஷமும் சொல்வாள். நான் சொல்கிற அண்டா வருஷத்தில் கேப்டன் கவிதா பிளஸ் டூ. மாநில அளவில் ஆடிய சர்டிஃபிகேட் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் உடற்கல்விக் கல்லூரியில் இடம் கேட்கலாம். அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. ஸ்டெல்லாவைப் போல ஆக வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு ஆசை.

போட்டிக்கு முந்தின வாரம் வீட்டில் சாப்பிடும்போது ஸ்டெல்லா சொன்னாள், "பாதி மேட்ச்ச கிரவுண்டுதாங்க ஜெயிக்குது."

"நல்லா ஆடுற டீம் ஜெயிக்கும். கிரவுண்டு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்."

"அம்பயரு?"

"அம்பயரு சும்மா. வெளக்குக் கம்பம் மாதிரி. நிப்பாரு, ஆட்டம் அதுபாட்டுக்கு நடக்கும்."

இதை நான் மிகுந்த கம்பீரத்தோடு சொன்னேன். ரசத்தையும் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன்.

2. மைதானம்

அந்த வருஷம் மழை விடாமல் பெய்ததால் போட்டிகள் தள்ளித் தள்ளித் தை மாதத்துக்கு வந்துவிட்டன. டவுன் மைதானத்தில் பொருட்காட்சிக்குக் கொட்டகை போட்டுவிட்டார்கள். எங்கே ஆடுவது என்று முழித்துக்கொண்டிருந்தபோது, அன்னவாசல் பக்கம் ஒரு கிராமத்து விழாக் கமிட்டியார் பெருமனதோடு முன்வந்தார்கள். "எங்க ஜல்லிக்கட்டுத் திடல்ல வச்சுக்கங்க சார். எல்லாம் ரெடியாத்தான் இருக்கு. மறுநாத்தான் எங்களுக்கு வாடி."

போய்ப் பார்த்து நான் அசந்துவிட்டேன். யாரோ பேஸ்பாலுக்கென்றே கட்டியதுபோல் இருந்தது. மாடு அவிழ்த்துவிடும் வாடிவாசல் ஒரு கோடியில். அதன் முன்னால் மட்டைக்காரர் நிற்கும் ஹோம் பிளேட்டைப் போட்டால் பின்பக்கத்துக்குத் தடுப்பு தயார். இருபுறமும் சவுக்குக் கம்பு பேரிகார்டு, அதற்குப் பின்னால் கேலரி. எதிர்க் கோடியில் மாடுகள் ஓடிப்போகும் வெட்டவெளி, அதற்கும் அப்பால் கண்மாய். சுண்ணாம்புக் கோடு மட்டும்தான் நாங்கள் போட வேண்டியிருந்தது.

ஒரே ஒரு விஷயம். வாடிவாசல் முன்னால் மாடும் ஆளும் விழுந்தால் அடிபடாமல் இருக்க லாரி லாரியாகத் தேங்காய் நார் கொட்டி மெத்தை மாதிரி பரப்பியிருந்தார்கள். ஹோம் பிளேட்டிலிருந்து, பந்து வீசுகிற பிட்சர் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் அப்பால்வரை நார்தான். அதற்கு மேல் கட்டாந்தரை.

போட்டியன்று ஸ்டெல்லா எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டாள். நான் போகும்போது அவள் நாரில் குனிந்து நடந்துகொண்டிருந்தாள். ஒரு பந்தைக் கீழே போட்டாள். அது எழும்பவில்லை. உருட்டிப் பார்த்தாள். உருளவில்லை. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கல்யாணமான புதிதில் அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் விவாதத்தில் நான் தோற்பதற்குச் சற்று முன்னால்.

பேஸ்பால் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடித்துவிட்டு, பேஸ் என்கிற நாலு மூலையையும் தொட்டு வீட்டுக்கு, அதாவது ஹோம் பிளேட்டுக்கு, வந்தால் ஒரு ரன். வீசி அடிக்காமல், மட்டையைக் குறுக்கே காட்டிப் பந்தை முன்னால் சாய்த்துவிடுவதற்குப் பெயர் பன்ட். சாதாரண மைதானத்தில் பன்ட் அடித்த பந்து உருண்டு வரும், எடுத்து எறிந்து அவுட்டாக்கிவிடலாம். நாரில் அது போட்ட இடத்தில் படுத்துக்கொள்ளும். எடுக்க வருகிறவள் நாரில் கால் புதையப் புதைய வருவதற்குள் ஓடுகிறவள் பேஸைத் தொட்டிருப்பாள். அடி கம்மி, ஓட்டம் ஜாஸ்தி என்று சொன்னேன் அல்லவா, அந்த அணிக்கு வானத்திலிருந்து இறங்கிய மைதானம் இது.

கண்ணப்பனுக்கும் சீக்கிரமே விளங்கிவிட்டது. "சார், இந்த நார அள்ளச் சொல்லுங்க. இது பேஸ்பால் கிரவுண்டே இல்ல."

கமிட்டிக்காரர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "அள்றதா. நாளைக்கி மாடு வருதுங்க. நார அள்ளிட்டு அதுகள எங்கிட்டு விழச் சொல்லுவீக?"

"ரெண்டு டீமுக்கும் அதே நாருதான் தம்பி" என்றேன் நான். "ஒங்க புள்ளைகளயும் பன்ட் அடிக்கச் சொல்லுங்க."

"எங்க புள்ளைகளுக்கு அதெல்லாம் பழக்கமில்ல சார்."

"அப்ப நாரத் தாண்டி அடிக்கச் சொல்லுங்க."

அவர் அதையும் செய்யவைத்தார். மாவட்டத்துக்கே ஒரு செட் கிளவுஸ்தான் என்பதால், இன்னிங்ஸ் மாறும்போதெல்லாம் ஒரு அணி கிளவுஸைக் கழற்றி அடுத்த அணியிடம் கொடுத்துவிட்டுப் போகும். கொடுக்கும்போது "ஈரமா இருக்குடி, சாரி" என்று சொல்லிக்கொள்வார்கள். இதைவிட அன்பான எதிரிகளை நான் பார்த்ததில்லை.

3. மைக் முருகேசன்

ஆட்டம் ஆரம்பித்ததும்தான் தெரிந்தது, கமிட்டியார் மைதானத்தோடு வர்ணனையாளரையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று. பெயர் முருகேசன். சுற்றுவட்டாரத்தில் எங்கே வாடி திறந்தாலும் மைக் அவர் கையில்தான் இருக்கும். ஜல்லிக்கட்டில் மாடு பிடிபட்டதா இல்லையா என்பதை மேடையிலிருந்து அவர் சொன்னால் அதுதான் தீர்ப்பு. "மாடு வெற்றி" என்றால் மாடு வெற்றி. பிடித்தவர் என்னதான் கத்தினாலும் அப்பீல் கிடையாது.

அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. இரண்டாவது இன்னிங்ஸில் ஒரு பெண் முதல் பேஸுக்கு ஓடினாள், பந்தும் வந்தது. நான் நிதானமாகப் பார்த்து, மூச்சை இழுத்து, கட்டைவிரலைத் தூக்குவதற்குள் ஒலிபெருக்கி முழங்கிவிட்டது.

"புடிபடல, புடிபடல. ஆவுடையார்கோவில் பொண்ணு வெற்றி."

நான் கொடுத்தது அவுட். ஆனால் மைதானத்தில் என்னை ஒரு ஆள் பார்க்கவில்லை. பந்தைப் பிடித்த பெண்ணே, தோற்றுவிட்டோம் என்று பந்தைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள். ஓடியவள் கேலரியைப் பார்த்துக் கும்பிட்டாள். கேலரியில் துண்டு சுழன்றது. நான் அவுட் அவுட் என்று கத்திக்கொண்டே ஓடினேன். என் நெஞ்சுக் கவசம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எந்த ஊர் நீதிபதியும் இவ்வளவு ஓடித் தன் தீர்ப்பைச் சொல்லியிருக்க மாட்டார்.

மேடைக்குப் போனேன். முருகேசன் மரியாதையான மனிதர். எழுந்து நின்றே பேசினார்.

"எனக்கு வெற்றின்னுதான் சார் தெரிஞ்சுச்சு."

"தெரியட்டும்ணே. ஆனா இங்க நான் கையக் காட்டுனப்புறம்தான் நீங்க பேசணும். கட்டவெரலத் தூக்குனா அவுட்டு. ரெண்டு கையும் பக்கவாட்டுல நீட்டுனா சேஃப். அதுவரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது."

"வாயத் தொறக்காம எப்புடி சார் மைக்ல பேசுறது?"

நியாயமான கேள்வி. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். என் கை அசையும்வரை அவர் பொதுவான விஷயங்களைப் பேசலாம். வெயில், தண்ணீர்ப் பந்தல், காணாமல் போன பைக் சாவி. அதன் பிறகு அவர் என் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் மூக்கைச் சொறிந்தால்கூட, "அம்பயர் யோசிக்கிறாரு" என்று அறிவித்தார்.

4. பரிசு விவரம்

அடுத்தது பரிசு. ஜல்லிக்கட்டில் ஒவ்வொரு மாட்டுக்கும் பரிசு சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் முருகேசனால் மைக்கையே பிடிக்க முடியாது. கேலரியில் இருந்தவர்களுக்கும் அப்படித்தான்.

"அடுத்து அடிக்க வர்றது ஆவுடையார்கோவில் பவானி. இந்தப் பந்தத் தூக்கி அடிச்சு அந்த வெட்டவெளிக்கி அனுப்புனா, நம்ம சைக்கிள் கடை அண்ணன் சார்பா ஒரு எவர்சில்வர் அண்டா."

பவானி அதுவரை அழகாகப் பன்ட் அடித்துக்கொண்டிருந்த பெண். அண்டா என்றதும் மட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். மூன்று பந்து, மூன்று வீச்சு, மூன்றும் காற்றில், அவுட். அடுத்தவளுக்குக் குத்துவிளக்கு. அவளும் காலி. அதற்கு அடுத்தவளுக்கு மடக்குக் கட்டில். பன்ட் அடித்தவர்களுக்கோ பரிசும் இல்லை, ஏச்சு வேறு. "என்னம்மா, பந்தத் தடவிக் குடுத்துட்டு ஓடுற?"

பொன்னமராவதிப் பிள்ளைகளுக்கு இது பிடித்துப்போயிற்று. அவர்கள் எப்படியும் தூக்கித்தானே அடிப்பார்கள். ஒருத்தி அண்டா வாங்கினாள், ஷார்ட் ஸ்டாப் பெண்ணின் அண்டா அதுதான். இன்னொருத்திக்கு மிக்ஸி. அதுவரை ஆவுடையார்கோவில் முன்னால் இருந்த ஸ்கோர் சமமாகிவிட்டது.

ஸ்டெல்லா என்னிடம் வந்தாள். மைதானத்தில் அவள் என்னை அம்பயர் சார் என்றுதான் அழைப்பாள். "அம்பயர் சார், இந்த அண்டாவ நிறுத்தப் போறீங்களா இல்லையா. நான் பன்ட்டுன்னு சைகை காட்டுறேன், அதுக கட்டிலப் பாக்குதுக."

நான் மறுபடி மேடைக்குப் போனேன். முருகேசன் கையைப் பிசைந்தார். "பரிசு சொல்லலன்னா ஊர்க்காரவுக என்னய வைவாங்க சார்."

"சொல்லுங்க. ஆனா ஆட்டம் முடிஞ்சப்புறம், ரெண்டு டீம் புள்ளைகளுக்கும் சேத்துச் சொல்லுங்க. நடுவுல ஒருத்தருக்கும் கெடையாது."

கமிட்டி கூடிப் பேசிச் சம்மதித்தது. மைதானத்திலிருந்த அண்டாவைக் கமிட்டித் தலைவரே பொறுப்பெடுத்துத் தன் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஆவுடையார்கோவில் பிள்ளைகள் மறுபடி பன்ட்டுக்குத் திரும்பினார்கள்.

5. கடைசி இன்னிங்ஸ்

ஏழாவது இன்னிங்ஸின் பின்பாதி. ஸ்கோர் சமம். ஆவுடையார்கோவில் ஆடுகிறது. ஒருவர் அவுட். மூன்றாவது பேஸில் கேப்டன் கவிதா நிற்கிறாள். அவள் வீட்டுக்கு வந்து பிளேட்டைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது, ரயில்தான். மூன்றாவது பேஸுக்குப் பக்கத்தில், கோச் நிற்கும் கட்டத்தில், ஸ்டெல்லா. மட்டையோடு வந்தது பவானி.

பந்து வந்தது. பவானி மட்டையைக் குறுக்கே காட்டினாள். கவிதா பிளேட்டை நோக்கிப் பறந்தாள். பந்து பிளேட்டுக்கு முன்னால் நாரில் விழுந்தது. விழுந்த பந்தைக் காணோம்.

பிளேட்டுக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கும் பொன்னமராவதி கேட்சர் நந்தினி கெட்டிக்காரி. பாய்ந்து இரண்டு கையாலும் நாரை வாரி எடுத்து கிளவுஸில் அமுக்கிக்கொண்டு திரும்பினாள். நான் மோதலை நன்றாகப் பார்க்க வேண்டும் என்று பிளேட்டுக்கு முன்பக்கமாகச் சுற்றி இரண்டு எட்டு வைத்தேன். கவிதா சறுக்கிக்கொண்டு வந்தாள். நந்தினி கிளவுஸால் அவள் முதுகில் சாத்தினாள். நார் நாலு பக்கமும் பறந்தது.

முருகேசன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு என் கையையே பார்த்தார்.

"பந்தக் காட்டும்மா" என்றேன்.

நந்தினி கிளவுஸைத் திறந்தாள். நார். உதறினாள். இன்னும் நார். பந்து இல்லை.

பந்து இல்லாமல் தொட்டால் அவுட் இல்லை. ஆவுடையார்கோவில் பிள்ளைகளுக்கு அது தெரியும். கத்திக்கொண்டு குதித்து ஓடி வந்தார்கள். கவிதா தலைமுடியெல்லாம் நாரோடு முட்டி போட்டு உட்கார்ந்து, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். கேலரியில் பையன்கள் செல்போனை நீட்டி, "ரீப்ளே இருக்கு சார், பாருங்க" என்றார்கள். ஒவ்வொரு போனிலும் என் முதுகு மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

நான் அசையவில்லை. என் வலது காலுக்கு அடியில், நாருக்குள், உருண்டையாக என்னவோ இருந்தது.

அது என்னவென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து வருஷமாகக் கையில் பிடித்த சாமான். ஆனால் விதி மனப்பாடம். அடித்த பந்து எந்த ஆட்டக்காரர் மேலும் படாமல், ஆட்டக் கோட்டுக்குள் அம்பயர்மேல் பட்டுவிட்டால் ஆட்டம் அங்கேயே நிற்கும். அடித்தவளுக்கு முதல் பேஸ். மூன்றாவது பேஸில் இருந்தவள் இருந்த இடத்துக்கே திரும்ப வேண்டும். ரன் செல்லாது.

காலை எடுத்து ஓரமாக வைத்தால் போதும். நந்தினி நாரைக் கிளறிப் பந்தை எடுத்துக்கொள்வாள், பந்து அங்கேயே கிடந்ததென்று எல்லோரும் நினைப்பார்கள். ரன் செல்லும், எவனுக்கும் தெரியாது. எனக்கு முன்னால் கவிதாவின் முகம். எனக்கு ஆசை வந்தது, மறைக்க மாட்டேன். நல்லா ஆடினார்கள் அந்தப் பிள்ளைகள். விளக்குக் கம்பமாக இருந்துவிட்டுப் போனால் என்ன என்று மனசு கேட்டது.

இரண்டு கையையும் மேலே தூக்கினேன். "டைம். டெட் பால்."

காலை எடுத்தேன். நாரில் அழுந்திய பள்ளத்துக்குள் பந்து ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

முருகேசனுக்கு இரண்டு கையும் மேலே போனால் என்ன அர்த்தம் என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுபடி ஓடி ஏறினார்.

"அன்பார்ந்த பொதுமக்களே. அம்பயர் சாரு பந்த மிதிச்சுட்டாரு. அத அவரே சொல்லிட்டாரு. வெற்றி செல்லாது, கேப்டன் பொண்ணு பழைய எடத்துக்கே போகணும். உண்மையச் சொன்ன காலுக்கு விழாக் கமிட்டி சார்பா ஒரு வேட்டி."

நடுவில் பரிசு கூடாது என்ற ஒப்பந்தம் அத்தோடு முறிந்தது. யாரோ ஓடி வந்து என் கவசத்தின்மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டுப் போனார்கள்.

கண்ணப்பன் வந்தார். "அப்ப அவுட்டுக் குடுக்கலாம்ல சார்?"

"அவுட்டு எங்கயிருந்து வரும். புடிக்கவே இல்லையே."

"அப்பறம் அடிச்ச புள்ள ஏன் சும்மா ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போகுது?"

"நான் மிதிச்சதுக்கு அபராதம்."

"அபராதத்த நீங்கதான கட்டணும்? நான் ஏன் கட்டுறேன்?"

அவர் கேட்டதும் சரிதான். விதிதான் அப்படி. கவிதா நாரைத் தட்டிவிட்டுக்கொண்டு மூன்றாவது பேஸுக்கு நடந்தாள். அது எனக்கு வலித்தது. அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

பிறகு ஸ்டெல்லா வந்தாள். கிட்டத்தில் வந்து நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"எந்தக் கால்?"

"வலது."

குனிந்து காலைப் பார்த்தாள். "சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். அன்று இரவு எனக்குச் சோறு கிடைக்காது என்று முடிவு செய்துகொண்டேன்.

அடுத்து மட்டையோடு வந்தது ரம்யா, அந்த அணியிலேயே குட்டையான பெண். அவள் பன்ட் தவிர வேறெதுவும் அடித்து யாரும் பார்த்ததில்லை. கண்ணப்பன் தன் ஆட்களை எல்லாம் முன்னால் அழைத்தார். "வாங்கடி, இன்னும் கிட்ட வாங்க, நாருக்குள்ள வாங்க." ஆட்டக்காரர்கள் கணுக்கால் புதைய நாருக்குள் வந்து, ரம்யாவின் மூக்குக்கு முன்னால் நின்றார்கள். கட்டாந்தரை முழுக்கக் காலி.

ஸ்டெல்லா தன் தொப்பியைத் தொட்டாள், காதைத் தொட்டாள். ரம்யா மட்டையைக் குறுக்கே காட்டினாள். பந்து பிட்சர் கையை விட்டதும் எல்லோரும் பாய்ந்தார்கள். அந்தக் குட்டி மட்டையைப் பின்னால் இழுத்து ஒரு வீசு வீசினாள். பலமான அடி என்றெல்லாம் சொல்ல முடியாது. பந்து பாய்ந்து வந்தவர்களின் தலைக்கு மேலே போய், நார் முடிகிற இடத்துக்கு அப்பால் கட்டாந்தரையில் விழுந்து, குதித்து, கண்மாயைப் பார்க்க ஓடியது. திரும்பி ஓட நினைத்தவர்களின் கால்கள் நாரைவிட்டு வரவில்லை. கவிதா ஓடக்கூட இல்லை, கையை ஆட்டிக்கொண்டு நடந்தே வந்து பிளேட்டைக் குதித்து மிதித்தாள்.

நான் இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினேன். அதற்குப் பிறகுதான் முருகேசன் வாயைத் திறந்தார். திறந்தவர் பொழுது சாயும்வரை மூடவில்லை. இரண்டு அணிப் பிள்ளைகளுக்கும் அண்டா, குடம், கட்டில், ஃபேன் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தார். நந்தினியும் கவிதாவும் ஒரு கட்டிலை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்கள். அது யாருடைய கட்டில் என்று இருவருக்கும் தெரியவில்லை.

6. கேட்ட கேள்விக்குப் பதில்

வாட்ஸ்அப் தம்பிக்கு வருகிறேன். கிரவுண்டு மேட்ச்சை முடிவு செய்யுமா? செய்யும், வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது தன் சங்கதியை யாரிடமும் மறைத்து வைப்பதில்லை. காலையில் முதலில் வந்து நடந்து பார்க்கிறவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். அன்று நார் ஸ்டெல்லாவுக்குப் பன்ட்டையும் கொடுத்தது, கடைசியில் மற்றவர்களின் கால்களையும் பிடித்து வைத்தது. கண்ணப்பன் மறு வருஷம் தன் பிள்ளைகளை ஆற்று மணலில் ஓடவிட்டுப் பழக்கினார். அவரல்லவா கோச்.

அம்பயர் முடிவு செய்வாரா? நான் மிதித்த பந்து ஆட்டத்தை ஒரு ரன் பின்னால் தள்ளியது உண்மை. ஆனால் அதைச் சொன்னதால் ஆட்டம் பிள்ளைகள் கைக்கே திரும்பிப் போனது. சொல்லாமல் ஓரமாக நகர்ந்திருந்தால்தான் அந்த ஃபைனலை நான் முடிவு செய்தவன் ஆகியிருப்பேன். தம்பிகளே, தவறுவது எல்லோருக்கும் உள்ளதுதான். காலைத் தூக்கிக் காட்டுங்கள், வேட்டியும் கிடைக்கும்.

அன்று சாயங்காலம் ஸ்டெல்லா என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். மடியில் ஒரு குடம். அன்னவாசல் ரோட்டுக்கு ஏறியதும் அவளே ஆரம்பித்தாள்.

"நீங்க மிதிச்சத நான் பாத்துட்டேன்."

நான் வண்டியை ஓரம் கட்டினேன். "எப்ப?"

"அப்பவே. நான் அங்கனதான நின்னேன். பந்து மறைஞ்ச எடத்துலதான் ஒங்க காலு எறங்குச்சு."

"சொல்லியிருக்கலாம்ல."

"நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன். சொல்லலன்னா நானே கையத் தூக்கியிருப்பேன். புள்ளைகள அந்த ரன்ன வச்சு ரயிலேத்தியிருக்க மாட்டேன். இந்த வண்டியிலயும் ஏறியிருக்க மாட்டேன்."

நான் உட்கார்ந்தபடியே அவள் பக்கம் திரும்பினேன்.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் கிட்ட வந்து எந்தக் கால்னு கேட்ட?"

"கிட்ட வந்து ஒங்க மூஞ்சியப் பாக்கணும்னு இருந்துச்சுங்க. கோச்சு அம்பயர்கிட்ட வந்தா ஏதாச்சும் ஒண்ணு கேக்கணும்ல."